பட்டியலைக் கொஞ்சம் மூடி வைப்போம்: பிரான்ஸில் தமிழருக்குப் பிரெஞ்சு கற்றுத்தருவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே, வணக்கம்.

பாரிஸிலும் அதன் புறநகரிலும் லா ஷப்பேல், லா கூர்னேவ், சார்செல் பக்கம் வார இறுதியில் பாடம் எடுப்பவர்களுக்கும், வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் தமிழிலேயே பிரெஞ்சு சொல்லித் தருபவர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். நானும் இதே வேலையைச் செய்பவள்தான். உணவகச் சமையலறையில் நின்று களைத்துப்போய் வருபவர்களை இரவு எட்டு மணிக்கு உட்கார வைத்து வினைச்சொல் வடிவங்களைச் சொல்லித் தருவது லேசான வேலை இல்லை. உங்களில் பலர் அதைக் காசு வாங்காமல் செய்கிறீர்கள். அந்த மரியாதையோடுதான் ஒன்றைக் கேட்கிறேன். இணைப்புச் சொற்களை நாம் கற்றுத்தரும் முறையை மாற்ற வேண்டும்.

ஏன் இப்போது? 2024 ஜனவரி 26ஆம் தேதியிட்ட குடிவரவுச் சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்பவர் பி2 நிலையை (ஏ1 முதல் சி2 வரை போகும் ஆறு மொழித் திறன் படிகளில் நான்காவது) பேச்சிலும் எழுத்திலும் காட்ட வேண்டும். அதற்கு முன் பி1 போதுமாக இருந்தது. பத்து வருட வதிவிட அட்டைக்கு ஏ2 என்று இருந்தது பி1 ஆகிவிட்டது. பி1க்கும் பி2க்கும் இடையே இருப்பது வெறும் சொல்வளம் இல்லை. பி1இல் நடந்ததைச் சொன்னால் போதும். பி2இல் வாதாட வேண்டும். டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் திறன் தேர்வின் பி2 எழுத்துப் பகுதியில் ஒரு மணி நேரத்தில் குறைந்தது 250 சொற்களில் ஒரு நிலைப்பாட்டை எடுத்து, காரணம் காட்டி எழுத வேண்டும். 25 மதிப்பெண்ணுக்கு 5க்குக் கீழே போனால் மற்ற பகுதிகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தேர்ச்சி கிடையாது. இந்த இடத்தில்தான் நாம் மாணவர்கள் கையில் ஐம்பது, அறுபது கொனெக்தேர் (இணைப்புச் சொற்கள்) உள்ள ஒரு தாளைக் கொடுத்து, 'இதை மனப்பாடம் பண்ணுங்கள், பத்திக்கு ரெண்டு போடுங்கள்' என்று அனுப்புகிறோம்.

அந்தத் தாள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வீட்டுவசதி அலுவலகத்துக்கு எழுதுவதாக ஒரு பயிற்சிக் கடிதம். இப்படி எழுதுபவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதன் ஓட்டத்தைத் தமிழில் தருகிறேன், இணைப்புச் சொற்களை மட்டும் பிரெஞ்சில் விட்டுவிட்டு:

'பிரெமியேர்மான் (முதலாவதாக), என் வீட்டுச் சுவரில் ஈரம் இருக்கிறது. ஆனெஃபே, எனக்கு வேறு வீடு வேண்டும். ஸெபாந்தான், என் மகனுக்கு ஆஸ்துமா. பராயேர் (மேலும்), நான் இரண்டு முறை எழுதினேன். தோங்க், நீங்கள் பதில் தரவில்லை. ஆன் கோங்க்லூஸியோன் (முடிவாக), நன்றி.'

வினைச்சொற்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். ஆறு வாக்கியம், ஆறு இணைப்பு. ஒன்றுகூட உருப்படியாக நிற்கவில்லை. பிரெமியேர்மான் என்றால் இரண்டாவது ஒன்று வரும் என்று வாசிப்பவர் காத்திருப்பார், வரவில்லை. ஆனெஃபே முன்னால் சொன்னதை உறுதிப்படுத்தி விளக்க வேண்டிய சொல். இங்கே அதன் பின்னால் ஒரு கோரிக்கை வருகிறது. ஸெபாந்தான் 'ஆயினும்' என்கிறது, ஆனால் மகனின் ஆஸ்துமா எதையும் மறுக்கவில்லை. அடுத்து வரும் தோங்க் ('ஆகவே') இருப்பதிலேயே மோசம். இரண்டு முறை எழுதினேன், ஆகவே நீங்கள் பதில் தரவில்லை என்று அர்த்தமாகிறது. எழுதியதுதான் குற்றம் என்பது போல.

இதே விஷயத்தை, இதே மாணவரின் சொல்வளத்தை வைத்தே, வேறு மாதிரி எழுதலாம்:

'என் மகன் தூங்கும் அறையின் சுவரில் பூஞ்சை பிடித்திருக்கிறது. ஓர், அவனுக்கு ஆஸ்துமா. மார்ச்சிலிருந்து இரண்டு கடிதம் அனுப்பியும் பதில் வரவில்லை. இந்த நிலைமை அவன் உடல்நலத்துக்கு ஆபத்து. ஸே பூர்குவா, வேறு வீடு ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

ஓர் (தமிழ் 'ஓர்' இல்லை, 'இதையும் சேர்த்துப் பாருங்கள்' என்ற பிரெஞ்சுச் சொல்), ஸே பூர்குவா (அதனால்தான்), 'அனுப்பியும்' என்ற இடத்தில் ஒரு மல்க்ரே (மீறியும்). மூன்றே மூன்று. மீதியை 'இந்த நிலைமை' என்ற சொற்றொடர் கட்டிவிடுகிறது. அது முன்னால் சொன்ன அத்தனையையும் ஒரே கையில் அள்ளிக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குப் போகிறது. இந்த உத்தி நம் பட்டியல்களில் எங்கேயும் இல்லை. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் எழுதும் கடிதங்களைப் புரட்டிப் பாருங்கள்: 'இந்தத் தாமதம்', 'இந்த முடிவு', 'இந்தப் பிரச்சினை' என்று எவ்வளவு இடத்தில் வாக்கியங்கள் கோக்கப்பட்டிருக்கின்றன! இணைப்புச் சொல் இல்லாமலே இணைவது.

'ஆனால் தேர்வில் கொனெக்தேருக்கு மதிப்பெண் உண்டே?' என்பீர்கள். உண்டு, மறுக்கவில்லை. ஒத்திசைவு என்று தனி அளவுகோலே இருக்கிறது. ஆனால் இந்த ஏ1, பி2 நிலைகளையெல்லாம் வகுத்த ஐரோப்பிய அவையின் 2001ஆம் ஆண்டுச் சட்டகம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். ஏ2இல் 'மேலும், ஆனால், ஏனென்றால்' போன்ற எளிய இணைப்புகள். பி2இல், குறிப்பிட்ட அளவு இணைப்புகளைக் கொண்டு தெளிவாகக் கோக்கத் தெரிந்தால் போதும். நீளமாகப் பேசும்போது கொஞ்சம் தாவல் இருக்கலாம் என்றுகூட விட்டுக்கொடுக்கிறது. பலவிதமான இணைப்புகளைக் கேட்பது அதற்கும் மேலான படியில்தான், அங்கேயும் கருத்துகளுக்கு இடையே உள்ள உறவைத் தெளிவாகக் காட்டத்தான். அறுபது சொல் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நாமே ஏற்றிவைத்த சுமை அது.

சரி, பட்டியலுக்குப் பதில் என்ன? நம் மாணவர்களிடம் ஏற்கெனவே இருப்பதிலிருந்து தொடங்கலாம். தமிழில் தர்க்க உறவுகளை நாம் பெரும்பாலும் வினையின் வாலில் கட்டுகிறோம். பெய்ததால், பெய்தும், பெய்தாலும், பெய்தால். நான்கும் நான்கு உறவு. ஒரு எழுத்து மாறினால் அர்த்தம் மாறுவது படிக்காத பாட்டிக்கும் தெரியும். பெய்தும் என்றால் மழை உண்மையில் பெய்தது. பெய்தாலும் என்றால் பெய்யுமோ பெய்யாதோ. பிரெஞ்சில் முதலாவதற்கு பியாங்கெ, இரண்டாவதற்குப் பெரும்பாலும் மேம் ஸி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் மாணவரிடம் 'மழை பெய்தும் போனீர்களா, பெய்தாலும் போவீர்களா?' என்று கேளுங்கள். முகத்தில் தெளிவு தெரியும். அப்புறம் பியாங்கெக்குப் பின்னால் ஸுப்ஜோங்க்தீஃப் என்ற தனி வினை வடிவம் வரும், மேம் ஸிக்குப் பின்னால் வராது என்பதைச் சொல்லித் தரலாம். சொல்லும் அதன் இலக்கணமும் சேர்ந்தே போக வேண்டும். பட்டியல் அதைப் பிரித்துவிடுகிறது.

காரணத்துக்கும் அப்படியே. 'மழை பெய்ததால் வீட்டிலேயே இருந்தேன்.' காரணம் முன்னால், விளைவு பின்னால். பார்ஸ்கெ ('ஏனென்றால்') இந்த ஓட்டத்துக்கு எதிராகப் போகிறது: வழக்கமாக முதலில் விளைவு, அப்புறம் காரணம். ஆனால் கொம் என்ற சொல் அப்படியே தமிழ் வரிசையில் வாக்கியத்தின் தலையில் நின்று காரணத்தை முன்னால் வைக்கிறது. தமிழருக்கு இதைவிட வசதியான இணைப்பு பிரெஞ்சில் இல்லை என்பது என் கருத்து. ஆனாலும் நம் வகுப்புகளில் அது 'போல' என்ற அர்த்தத்தோடு நின்றுவிடுகிறது.

'ஏனென்றால்' வேறு ஒரு வம்பை இழுக்கிறது. தமிழில் ஒரு வாக்கியத்தை முடித்து முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, 'ஏனென்றால்' என்று புதிதாகத் தொடங்கலாம். அதே பழக்கத்தில் மாணவர்கள் புள்ளி வைத்துவிட்டு பார்ஸ்கெ என்று தனி வாக்கியம் எழுதுகிறார்கள். பேச்சில் யாரும் தடுக்கமாட்டார்கள். கடிதத்தில் அது பாதியில் அறுந்த வாக்கியம். அந்தப் புள்ளியை அடித்துவிடுங்கள், அவ்வளவுதான். அந்த ஒரு திருத்தமே பல பக்கங்களை நேராக்கும். அதே அர்த்தத்தில் எழுத்துக்கு ஏற்ற கார் என்ற சொல்லையும் அதே இடத்தில், வாக்கியத்தின் நடுவில், பழக்கலாம். புய்ஸ்கெ மட்டும் கவனம்: அது வாசிப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த காரணத்துக்கு. 'உங்களுக்கே தெரியுமே' என்ற தொனி அதில் ஒட்டியிருக்கிறது. அதிகாரிக்கு முதல்முறை எழுதும்போது, அவருக்குத் தெரியாத செய்தியை புய்ஸ்கெயில் ஏற்றினால் குரல் உயர்த்தியது போலத் தோன்றலாம்.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு, அங்கேதான் நாம் அதிக நேரம் செலவிட வேண்டும். 'உங்களால் வேலை கிடைத்தது, உங்களால் வேலை போனது.' நம் 'ஆல்' இரண்டையும் ஒரே மாதிரி சுமக்கிறது. பிரெஞ்சு சுமக்காது. நல்லதற்கு கிராஸ் ஆ, கெட்டதற்கு ஆ கோஸ் தெ. எந்தப் பக்கமும் சாயாமல் சொல்ல ஆன் ரேஸோன் தெ. பராமரிப்பு வேலைகளால் மெத்ரோ ஓடாது என்று அறிவிக்கும்போது தினமும் காதில் விழுவது அதுதான். உதவி செய்த சமூகப் பணியாளருக்கு நன்றிக் கடிதம் எழுதும்போது ஆ கோஸ் தெ வந்துவிட்டால் பாராட்டு குற்றச்சாட்டாகிவிடும். இதை வகுப்பில் ஒருமுறை நடித்துக் காட்டினால் மறக்கமாட்டார்கள்.

அடுத்தது ஆனெஃபேயும் ஆன்ஃபெத்தும். இரண்டுக்கும் நம் தாள்களில் எதிரே 'உண்மையில்' என்று போட்டிருக்கிறது. இது மாணவர்களை நேராகப் பள்ளத்தில் தள்ளுகிறது. ஆனெஃபே 'ஆமாம், எப்படியென்றால்' என்று சொன்னதற்கு வலு சேர்க்கிறது. ஆன்ஃபெத் 'அப்படி இல்லை, விஷயம் என்னவென்றால்' என்று திருத்துகிறது. ஒன்று முன்னே தள்ளுகிறது, மற்றது திருப்புகிறது. கேட்பதற்கு ஒன்று போல இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. இந்த இரண்டையும் ஒரே நாளில் கற்றுத்தராதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

ஓர் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சுக் குழந்தைகள் எல்லோரும் பள்ளியில் 'மே ஊ ஏ தோங்க் ஓர் நி கார்' என்று ஏழு இணைப்புகளை ஒரே மூச்சில் சொல்லிப் படிக்கிறார்கள். அதில் ஓர்தான் நம்மவர்கள் தொடாத சொல், 'கஷ்டம், விட்டுவிடலாம்' என்று நாமும் தாண்டிவிடுகிறோம். அது 'ஆனால்' இல்லை. 'இதையும் சேர்த்துப் பாருங்கள்' என்று முடிவைத் தீர்மானிக்கும் ஒரு உண்மையை மேசை மேல் வைக்கிறது. மனிதர் எல்லோரும் இறப்பவர். ஓர், சாக்ரடீஸ் மனிதர். தோங்க், சாக்ரடீஸ் இறப்பவர். சுவரில் பூஞ்சை, ஓர், பிள்ளைக்கு ஆஸ்துமா. உரிமை கேட்டு எழுதும் எவருக்கும் இந்தச் சொல் வேண்டும். பெரிய படிப்புக்காரருக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்காதீர்கள்.

துகூவை மட்டும் சொல்லிவிடுகிறேன்: வேலையிடத்தில் நாள் முழுக்கக் கேட்பதால் மாணவர்கள் அதை 'ஆகவே' என்று கடிதத்திலும் எழுதுகிறார்கள். பேச்சுக்கு நல்லது, எழுத்துக்கு வேண்டாம்.

நான் கேட்பது இதுதான். அடுத்த சில வகுப்புகளுக்கு அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். மாணவர் எழுதிய ஒரு கடிதத்தை எடுத்து, எல்லா இணைப்புகளையும் அடித்துவிட்டு, வெறும் வாக்கியங்களை மட்டும் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் தமிழில் கேளுங்கள்: இது அதற்குக் காரணமா, விளைவா, அதையும் மீறி நடந்ததா, வெறுமனே கூடுதல் தகவலா? பதில் தமிழிலேயே வரட்டும். ஒரு உறவும் இல்லையென்றால் இணைப்பும் வேண்டாம், அல்லது அந்த வாக்கியமே இடம் மாற வேண்டும். பதில் கிடைத்த இடத்தில் மட்டும் பிரெஞ்சுச் சொல்லைத் தேடச் சொல்லுங்கள், அதன் இலக்கணத்தோடு.

நேரம் பிடிக்கும், தெரியும். ஒரு மாலையில் ஒரு கடிதம்தான் முடியும். ஆகவே வகுப்புகளை நடத்தும் சங்கத்தாரிடமும் ஒன்று கேட்கிறேன்: பி2 எழுதப் போகிறவர்களை ஏ2 வகுப்போடு சேர்த்து உட்கார வைக்காதீர்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு மேசையும், ஆளுக்கு ஒரு கடிதத்தைப் பார்த்துத் திருத்தும் அளவுக்கு நேரமும் ஒதுக்குங்கள். இப்படித் திருத்திய கடிதங்களைப் பெயர் நீக்கி நமக்குள் பகிர்ந்துகொள்ளலாம். என்னிடம் இருப்பவற்றைத் தர நான் தயார்.

அன்புடன்,
பாரிஸ் புறநகரிலிருந்து உங்கள் சக ஆசிரியை