தெருவோரத்து வெள்ளைக் கோடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் பெய்த கனமழைக்குப் பிறகு எங்கள் பகுதியில் நடந்த நோய்த்தடுப்புப் பணி பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த படத்தைப் பார்த்தேன். தூய்மைப் பணியாளர் ஒருவர் இடுப்பில் பிளாஸ்டிக் தட்டை அணைத்துப் பிடித்துக்கொண்டு, உறை அணியாத கையால் சாக்கடை ஓரமாகப் பிளீச்சிங் பவுடரைத் தூவிக்கொண்டே போகிறார். அவருக்குப் பின்னால் தெருவின் நீளத்துக்கும் ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது. சுகாதார ஆய்வாளராக இருந்த காலத்தில் அந்தக் கோட்டைப் போடச் சொல்லி எத்தனையோ முறை உத்தரவிட்டவன் நான். அமைச்சர் வருகிறார் என்றால் முதல் நாள் இரவே போடச் சொல்லியிருக்கிறேன். ஆகவே பிறரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கோட்டினால் யாருக்கும் பயனில்லை, அதைப் போடுகிறவருக்குக் கெடுதல் மட்டும் உண்டு என்பதைப் பணியில் இருந்தபோது சொல்லத் தவறியதை இப்போதாவது சொல்ல விரும்புகிறேன்.

பள்ளிப் பாடநூல்கள் சலவைத்தூள் என்று குறிப்பிடும் இந்தப் பொருள், நீற்றுச் சுண்ணாம்பின் மீது குளோரின் வாயுவைச் செலுத்தித் தயாரிக்கப்படுவது. புதிதாக வரும் மூட்டையில் ஏறத்தாழ 33 சதவீதம் பயன்தரும் குளோரின் இருக்கும். கிருமியைக் கொல்வது அந்தக் குளோரின்தான். எஞ்சியது பெரும்பாலும் சுண்ணாம்பு. 1847ஆம் ஆண்டு வியன்னா நகர மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்கச் செல்லும் மருத்துவர்கள் இந்தத் தூளைக் கரைத்த நீரில் கைகழுவ வேண்டும் என்று கட்டாயமாக்கியபோது பிள்ளைபெற்ற தாய்மார்களின் சாவு வெகுவாகக் குறைந்தது. அத்தகைய ஆற்றல் உள்ள பொருளை நாம் கோலமாவைப் போலத் தெருவில் தூவிக்கொண்டிருக்கிறோம்.

குளோரின் வேலை செய்வதற்குத் தண்ணீரில் கரைந்திருக்க வேண்டும், போதிய அளவில் இருக்க வேண்டும், குறைந்தது அரை மணி நேரமாவது கிருமியோடு தொடர்பில் இருக்க வேண்டும். சாக்கடை ஓரத்தில் உலர்ந்த தூளாகக் கிடக்கும்போது இந்த மூன்றில் ஒன்றுகூட நடப்பதில்லை. கழிவுநீரில் விழும் சிறு பங்கையும் அங்குள்ள சேறும் மக்கிய குப்பையும் உடனே தின்றுவிடுகின்றன. விளிம்பில் தங்குவதை வெயில் சிதைத்துவிடுகிறது. கொசு ஒழியும் என்று மக்கள் நம்புகிறார்கள். கொசுப்புழுவுக்கென்று டெமிபாஸ் போன்ற மருந்துகள் தனியே இருக்கின்றன. ஓரத்தில் கிடக்கும் வெள்ளைத் தூளைக் கொசு பொருட்படுத்துவதில்லை. பல இடங்களில் பவுடரோடு சுண்ணாம்பைத் தாராளமாகக் கலந்துவிடுவதால், கோடு வெள்ளையாகத் தெரியும், மூக்கில் கொஞ்சம் நெடி ஏறும், அவ்வளவுதான். அந்த நெடி வந்தால் வேலை நடந்திருக்கிறது என்று வார்டு உறுப்பினரும் மகிழ்கிறார். உண்மையில், காற்றில் நெடியாகப் போவது வீணாகிற குளோரின்.

தூவுகிறவரின் நிலைமை வேறு. இந்தத் தூள் கடுமையான காரத்தன்மை கொண்டது. வியர்வை பட்டதும் கரைந்து தோலை அரிக்கத் தொடங்குகிறது. காற்றடித்துக் கண்ணில் விழுந்தால், காரம் என்பதால் விழிக்குள் ஆழமாக ஊடுருவிப் பார்வையையே கெடுத்துவிடக்கூடும். முகத்தில் கட்டும் துண்டோ துணி முகக்கவசமோ தூசியில் ஒரு பகுதியைத் தடுக்குமே தவிர, குளோரின் வாயுவை ஒருபோதும் தடுக்காது. என்னோடு வேலை பார்த்த தூய்மைப் பணியாளர்களில் பலருக்கு உள்ளங்கைத் தோல் வெடித்திருக்கும். சாப்பிடும்போது குழம்புக் காரம் எரிகிறது என்று மோர்ச்சோற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். நாங்கள் அதை அவர்களுடைய உடல்வாகு என்று எடுத்துக்கொண்டோம்.

இதைவிட ஆபத்தான ஒன்றை நான் நேரில் பார்த்தேன். ஊர், அலுவலகம் எதையும் குறிப்பிட விரும்பவில்லை. ஒரு பேருந்து நிலையக் கழிப்பறையில் காலையில் யாரோ பவுடரைத் தூவிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிற்பகலில் கறை போகவில்லை என்று அதே தரையில் ஆசிட்டை ஊற்றித் தேய்க்கத் தொடங்கினார் பணிக்கு வந்த அம்மா. பிளீச்சிங் பவுடரோடு அமிலம் சேர்ந்தால் அடைபட்டிருந்த குளோரின் முழுவதும் வாயுவாக வெளியேறும். அது காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது, ஆகையால் தரையோடு தங்கும். குந்தி உட்கார்ந்து தேய்ப்பவரின் மூக்கும் அதே உயரத்தில்தான் இருக்கும். சன்னல் இல்லாத அறை. அவர் இருமிக்கொண்டே கதவுவரை வந்து விழுந்தார். இரண்டு நாள் அரசு மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். அதன் பிறகு மாடிப்படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரு போர்முனையில் ஜெர்மானியப் படை திறந்துவிட்டதும் இதே வாயுதான் என்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தந்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை.

இந்த விபத்து வீடுகளிலும் நடக்கக்கூடியதே. டிவிஎஸ் 50-இல் பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர் மூன்றையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு தெருவுக்குத் தெரு விற்கிறார்கள். ஆசிட் பழைய தண்ணீர் பாட்டிலில், பெயரோ எச்சரிக்கையோ ஒட்டாமல் வருகிறது. அமில விற்பனையை ஒழுங்குபடுத்த உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டு ஜூலையில் உத்தரவிட்டதை அந்த வண்டிக்காரர் அறிந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கடையில் கிடைக்கும் நீலநிறக் கழிப்பறைத் திரவங்களிலும் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் இருக்கிறது. ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்து ஊற்றினால் நன்றாகச் சுத்தமாகும் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்தோடு சேர்த்தாலும் குளோரமின் என்னும் நச்சு வாயு உண்டாகும். சிறுநீர் தேங்கிய கழிப்பறையில் பவுடரைக் கொட்டியதும் கண் எரிவதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படி நேர்ந்துவிட்டால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து நிமிர்ந்து உட்கார வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். இருமல் அடங்கிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது, ஏனெனில் நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம்.

கரோனா காலத்தில் இந்த அறியாமை உச்சத்துக்குப் போனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2020ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய தொழிலாளர்களைச் சாலையில் உட்காரவைத்து அவர்கள் மேல் பிளீச்சிங் பவுடரின் இனத்தைச் சேர்ந்த ஹைப்போகுளோரைட் கரைசலைப் பீய்ச்சினார்கள். ஏப்ரல் முதல் தேதி நம் திருப்பூரில் கிருமிநாசினிச் சுரங்கப்பாதை திறக்கப்பட்டு, பல ஊர்களில் அதைப் பார்த்துச் செய்தார்கள். மனிதர்கள் மேல் தெளிக்கக் கூடாது என்று ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியது; நவம்பரில் உச்ச நீதிமன்றமும் இத்தகைய தெளிப்பைத் தடைசெய்வது அல்லது ஒழுங்குபடுத்துவது குறித்து உத்தரவு பிறப்பிக்குமாறு அரசைப் பணித்தது. உடம்பின் மேல் படக்கூடாது என்று அவ்வளவு உயரத்திலிருந்து சொல்லப்பட்ட பொருள், தூய்மைப் பணியாளரின் உடம்பில் மட்டும் இன்றும் தினந்தோறும் பட்டுக்கொண்டிருக்கிறது.

பிளீச்சிங் பவுடர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது போக வேண்டிய இடம் குடிநீர்த் தொட்டி. அங்கே அளவு முக்கியம். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் என்பது பாடநூல் கணக்கு. 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு 75 கிராம் வரும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் கூடுதலாக வேண்டியிருக்கும். அதைப் பிளாஸ்டிக் வாளியில் சிறிது தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை பத்து நிமிடம் பொறுத்து, மேலே தெளிந்ததை மட்டும் வேறொரு வாளிக்கு மாற்றித் தொட்டியில் ஊற்ற வேண்டும். அடிமண்டியைத் தொட்டியில் சேர்க்கக் கூடாது. தண்ணீர் திறந்துவிட்ட பின் கடைசித் தெருக் குழாயில் பிடித்து, குளோரின் அளவைக் காட்டும் சிறு கருவியான குளோரோஸ்கோப்பில் பார்த்தால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு பரவும் காலமென்றால் 0.5. நடைமுறையில் தொட்டி ஆபரேட்டருக்குத் தராசு தருவதில்லை. ஒரு பிடி, ஒரு டம்ளர் என்று போகிறது கணக்கு. ஒருநாள் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, மறுநாள் குளோரினே இருக்காது.

பவுடரின் வீரியமும் மூட்டைக்கு மூட்டை மாறும். வெப்பம், ஈரம், வெளிச்சம் மூன்றும் இதற்குப் பகை. தகரக் கொட்டகையில் வாய் பிரிந்து கிடக்கும் மூட்டையில் குளோரின் 15 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால், அதே தொட்டிக்கு 75 கிராம் போதாது, 165 கிராம் வேண்டும். நான் பணியாற்றிய அலுவலகமொன்றில் இடமில்லை என்று மூட்டைகளைப் பதிவேட்டு அறையில் அடுக்கியிருந்தோம். ஒரே ஆண்டில் இரும்பு பீரோ துருவேறிக் கதவு கழன்றது. பீரோவைத் தின்றது எங்கள் நுரையீரலுக்குள்ளும் போயிருக்குமே என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. புது பீரோவுக்குக் கடிதம் எழுதினோம். இப்பொருள் தீப்பற்றுவதற்குத் துணைபோகும் ஆக்சிஜனேற்றி வகையைச் சேர்ந்தது என்பதையும் கிடங்குப் பொறுப்பாளர்கள் அறிந்திருக்க வேண்டும். புகையடிக்கும் எந்திரத்துக்கான டீசல், மண்ணெண்ணெய், ஆசிட், யூரியா ஆகியவற்றோடு ஒரே அறையில் இதை வைப்பது எந்த நாளும் விபத்தாக முடியலாம்.

மழைக்காலம் இன்னும் முடியவில்லை. உள்ளாட்சி அமைப்புகள் தெருவில் தூவுவதற்கு வாங்கும் பவுடரின் செலவில் ஒரு பகுதியை எடுத்தாலே, ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு சிறு தராசும் ஒரு குளோரோஸ்கோப்பும், ஒவ்வொரு பணியாளருக்கும் முழங்கை வரை வரும் ரப்பர் உறை, கண்ணாடி, பூட்ஸ் ஆகியவையும் வாங்கிவிடலாம். மூட்டை வந்த தேதியை மையால் எழுதி, பழையதை முதலில் எடுக்கச் சொல்லலாம். பவுடர் இருக்கும் இடத்தில் ஆசிட் இருக்கக் கூடாது என்று ஒரு வரியைத் தமிழில் எழுதி ஒட்டுவதற்கு நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை. சாக்கடைக்குத் தேவையானது தூர்வாருவது. அது படத்தில் அழகாகத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தங்கள் நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மழைக்கும் இத்தகைய படம் வரும். அப்போது, எத்தனை தெருக்களில் தூவினார்கள் என்பதோடு நிறுத்தாமல், அன்று காலை அந்த ஊர்த் தொட்டியில் எத்தனை கிராம் போட்டார்கள், கடைசிக் குழாயில் எவ்வளவு குளோரின் இருந்தது என்பதையும் கேட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.