ஹென்டர்சனில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. கிணற்றடித் தென்னை போன மழையில் சாய்ந்துவிட்டது. அக்கா வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். அவள் உன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ நன்றாகத் தூங்குகிறாயா?

வாட்ஸ்அப் இருக்கும்போது இவருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அதில் அனுப்பினால் இரண்டு நீல டிக் விழும், "ஓகேப்பா" என்று வரும், முடிந்தது. கடிதத்துக்கு ஓகேப்பா போட முடியாது. போன மாதம் நாம் நான்கு தடவை பேசினோம், எல்லாம் சேர்த்து ஆறு நிமிஷம். பண்டகசாலையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவனுக்கு இதெல்லாம் தானாகவே மனசில் ஏறிவிடுகிறது.

உங்கள் லாஸ் வேகஸ் விமான நிலையத்தில் ஹாரி ரீட் என்று பெயர் போட்டிருந்ததே, அமெரிக்க மேல்சபையான செனட்டில் இருந்தவர், அவரும் உன்னைப் போலத்தான். பேச்சு முடிந்ததும் "வைக்கிறேன்" என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிடுவாராம். ஒபாமாவிடமும் அப்படித்தான். நான் அங்கே வந்திருந்தபோது நீயும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு எனக்கு என்ன வேலை? லைப்ரரியில் உட்கார்ந்து படித்தேன். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன், உனக்குத்தான் தெரியுமே.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஊரான சர்ச்லைட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். 95-ஆம் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம், இரண்டு பக்கமும் வெறும் பொட்டல். ஊர் என்று சொல்ல ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மெக்டொனால்ட்ஸ், சிதறிக்கிடந்த சில வீடுகள். நீ காரைவிட்டு இறங்கவே இல்லை. நான் காபி வாங்கிவந்து கண்ணாடியைத் தட்டினேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, நீ ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாய். மூன்றாவது தட்டுக்குத்தான் திரும்பினாய். அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம் பக்கத்து சீட்டில் திறக்காமலே இருந்தது. திரும்பும் வழியில் நான் அந்த மனுஷனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். வேறு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்குப் பாதிதான் சொன்னேன். 1939-ல் அந்த ஊரில் பிறந்தவர். அப்பா சுரங்கத் தொழிலாளி, குடிகாரர். அம்மா அங்கிருந்த விபசார விடுதிகளின் துணி துவைத்துச் சம்பாதித்தார். வீட்டில் வெந்நீர் கிடையாது, கக்கூஸ் கிடையாது. உயர்நிலைப் பள்ளி என்றால் 40 மைல் தள்ளி உங்கள் ஹென்டர்சனுக்குத்தான் வரவேண்டும். வருகிற வண்டியை மறித்து ஏறி வந்து, வாரம் முழுக்க உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படித்தார். கையில் காசு சேர்ந்ததும் பல் போன அம்மாவுக்குப் பல்செட் வாங்கிக் கொடுத்தார். இதைப் படித்தபோது நீ முதல் சம்பளத்தில் அம்மாவுக்குக் கிரைண்டர் வாங்கிவந்தது ஞாபகம் வந்தது. அம்மா இன்றைக்கும் அதில்தான் அரைக்கிறாள். அப்படிப்பட்ட பிள்ளை பொங்கலுக்கு ஒரு போன் போடவில்லை.

வாஷிங்டனில் சட்டம் படிக்கும்போது நாடாளுமன்றக் கட்டடத்தில் காவல்காரராக வேலை பார்த்திருக்கிறார். அதே கட்டடத்தில் பின்னாளில் செனட்டராக 30 வருஷம், 1987 முதல் 2017 வரை. ஜனநாயகக் கட்சிக்கு அங்கே 12 வருஷம் தலைவர், அதில் 8 வருஷம் பெரும்பான்மைத் தலைவர்.

ஆனால் நான் சொல்ல வந்தது நடுவில் நடந்தது. 30 வயதில் உங்கள் நெவாடா மாநிலத்தின் துணை ஆளுநராக ஜெயித்தவர், 1974-ல் செனட்டுக்கு நின்று 600 சொச்சம் ஓட்டில் தோற்றார். அடுத்த வருஷமே லாஸ் வேகஸ் மேயர் பதவிக்கு நின்றார், அதிலும் தோல்வி. அப்போது வயது 35. அவ்வளவுதான், ஆள் முடிந்தார் என்றுதான் எவனும் சொல்லியிருப்பான். வேலை, பதவி எல்லாம் வரும் போகும் தம்பி. உனக்காகச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி பத்து மணிக்கு மேல் விளக்கை எரியவிடாதே.

அவரை உத்தமர் என்று நான் சொல்லமாட்டேன். 2012 தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்ற மிட் ராம்னி பத்து வருஷம் வரியே கட்டவில்லை என்று ஆதாரம் இல்லாமல் செனட்டிலேயே பேசினார், பிறகு அதற்கு வருத்தப்படவும் இல்லை. 2013-ல் செனட்டில் 60 பேர் ஆதரவு இல்லாமல் ஜனாதிபதியின் நியமனங்கள் நகராது என்ற வழக்கத்தை உடைத்தார். உச்ச நீதிமன்றத்தை மட்டும் விட்டுவைத்தார். நான்கு வருஷம் கழித்து எதிர்க்கட்சி மிச்சத்தையும் உடைத்துக்கொண்டது. கையிருப்பைப் பார்க்காமல் செலவு எழுதியது மாதிரி. ஆனால் 2009 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலையில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதாவை 60-க்கு 39 என்று கரைசேர்த்தவரும் அவர்தான். பாடுபட்டு அந்த 60 பேரைத் திரட்டியவர், தன் முறை வந்தபோது அசதியில் "இல்லை" என்று சொல்லிவிட்டு, சட்டென்று மாற்றிக்கொண்டாராம். தூக்கம் கெட்டால் அப்படித்தான். நீ தூங்குகிறாயா என்று அதற்குத்தான் கேட்கிறேன்.

அவருடைய அப்பா 1972-ல் தற்கொலை செய்துகொண்டார். காரில் வரும்போது இதை நான் சொல்லவில்லை. வாய்வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். அவரும் அதை வெளியில் பேசாமலே இருந்திருக்கிறார். 1996-ல் செனட் குழு ஒன்றின் முன்னால் மைக் வாலஸ் என்ற டிவி பத்திரிகையாளர் தன் மனச்சோர்வைப் பற்றிப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த ரீட் அங்கேதான் முதல் தடவையாக, என் அப்பாவும் அப்படித்தான் போனார் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். 24 வருஷம் கழித்து. மறுவருஷம், தற்கொலையைத் தடுப்பது நாட்டின் பொறுப்பு என்று செனட்டில் தீர்மானம் கொண்டுவந்தார்.

எனக்கு 30 வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது. உன் திருப்பூர் சித்தப்பா நெஞ்சுவலியில் போகவில்லை தம்பி. உனக்கு அப்போது ஆறு வயது, அக்காவுக்கு ஒன்பது. தாத்தா அப்படிச் சொல்லச் சொன்னார், எல்லோரும் சொன்னோம். சொல்லிச் சொல்லி எனக்கே நெஞ்சுவலிதான் என்று ஆகிவிட்டது. அதற்கு முதல் நாள் சாயங்காலம் ஆபீஸ் நம்பருக்கு எஸ்டிடி போட்டான். மார்ச் 30, கணக்கு முடிக்கிற நேரம், மேஜை முழுக்கப் பேரேடு. "அண்ணே, சும்மாதான் கூப்பிட்டேன்" என்றான். சும்மா கூப்பிடுகிறவன் இல்லை அவன். எஸ்டிடி காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவன். "நாளைக்குப் பேசுறேன்டா" என்று நான்தான் வைத்தேன். இந்த போன் விஷயம் உன் அம்மாவுக்கே தெரியாது.

நீ அப்படி என்று நான் சொல்லவில்லை. சொல்லவே இல்லை. ஆனால் சர்ச்லைட்டில் அந்தக் கண்ணாடியை மூன்று தடவை தட்டினேனே, அது இன்னும் கையில் இருக்கிறது. வீட்டில் இப்போது நீ மட்டுமா? அவள் எப்போது திரும்பி வருகிறாள்? சொல்ல வேண்டாம் என்றால் சொல்லாதே. அங்கே மனசு கஷ்டப்படுகிறவர்கள் 988 என்ற நம்பருக்கு எந்நேரமும் பேசலாமாம், அதையும் லைப்ரரியில்தான் பார்த்தேன். இங்கே ராத்திரியா பகலா என்று பார்க்காதே. போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன், சத்தத்தைக் கூட்டி வைக்க அக்காவிடம் கற்றுக்கொண்டேன். பேசாவிட்டாலும் பரவாயில்லை, வைக்காமல் இரு. நானும் வைக்கமாட்டேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு: 2015 புத்தாண்டு அன்று அந்த மனுஷர் வீட்டில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தபோது ரப்பர் பட்டை கையைவிட்டு நழுவியதில் விழுந்து, வலது கண்ணில் பார்வையே போய்விட்டது. நீயும் கதவில் மாட்டி அதே மாதிரி ஒன்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தாய். தூக்கிப் போட்டாயா இல்லையா?