ஆற்றின் மேல் ஒரு கதவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து நான்கு மாதமாகிறது. பதில் போடாதது என் பிழைதான், கோபிக்காதே. சின்னக்கா சுகம். பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான். உன் முழங்காலுக்கு வைத்தியரிடம் போனாயா, அல்லது இன்னமும் எண்ணெய்தானா?

போன ஞாயிறு மகள் என்னைப் பிரான்சின் ஷெனோன்சோ மாளிகைக்குக் கூட்டிப் போனாள். பாலம் வேறு, வீடு வேறு என்று கண்ணாடி மாஸ்டரின் வகுப்பில் என்னோடு மல்லுக்கட்டினாயே, வந்து பார்! ஷேர் ஆற்றுக்குக் குறுக்கே, பாலத்தின் மேலேயே மாளிகை நிற்கிறது.

1513 இல் பழைய கோட்டையை இடித்து, ஒற்றைக் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்து, ஆற்றில் நின்ற தண்ணீர் ஆலையின் அத்திவாரத்தில் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். உரிமையாளர் தோமா போயே அரசரின் போர்களோடு அலைந்ததால், வேலையை நின்று நடத்தியவள் அவர் மனைவி கத்ரீன். சுழல்படியே வழக்கமாக இருந்த காலத்தில் அங்கே நேர்ப்படி வைத்திருக்கிறார்கள். படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன், நீ இல்லையே என்றிருந்தது.

பிறகு அரசன் இரண்டாம் ஆன்றி அதைக் காதலி தியானுக்குக் கொடுத்தான். அக்கரைக்குப் பாலம் போட்டவள் அவள். 1559 இல் அரசன் இறந்ததும் பட்டத்தரசி கத்ரீன் து மெதிசி அவளை வெளியேற்றினாள். பாலத்தை இடிக்கவில்லை. அதன் மேலேயே 60 மீட்டர் நீள மண்டபத்தை எழுப்பி விருந்து வைத்தாள்! அப்படியொரு வன்மத்திலிருந்து இவ்வளவு அழகு பிறந்ததை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

முதலாம் உலகப்போரில் அந்த மண்டபம் ஆஸ்பத்திரி. 2,254 காயக்காரர்கள் அங்கே படுத்திருக்கிறார்கள். அடுத்த போரில், 1940 இல், ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் ஷேர் ஆறே எல்லையாகிவிட்டது. மாளிகையின் வாசல் ஜெர்மானியர் பிடித்த பக்கம், மண்டபத்தின் தென்கதவு பிடிக்காத பக்கம். அதன் வழியாக ஆட்களைக் கடத்தி விட்டிருக்கிறார்கள், மச்சான்.

அந்தக் கதவடியில் என் கால் நகரவில்லை. நம் ஊர்ப் போரில் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்த அந்த இரவு, படகில், உன் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா மூச்சுக்கூட விடாமல் இருந்தாளே.

"ஏனப்பா நிற்கிறீர்கள்?" என்று மகள் கேட்டாள். அவளுக்குக் கிளாலியைப் பற்றி நான் இதுவரை ஒழுங்காகச் சொன்னதில்லை. ஆனியில் நீ வருவாய்தானே, இருவருமாகச் சொல்லுவோம். டிக்கெட் எடுத்ததும் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்