1985ஐ விட்டுவிட்டீர்களே!

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் அயோவா மாநில ஆளுநராக 22 ஆண்டுகளுக்கு மேல் இருந்த டெரி பிரான்ஸ்டட் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆறு முறை நின்று ஆறு முறையும் வென்றது, அதிக காலம் ஆளுநராக இருந்தவர் என்று நியூயார்க்கின் ஜார்ஜ் கிளிண்டன் 1804இல் விட்டுப்போன சாதனையை 2015 டிசம்பரில் தாண்டியது என நாள் கணக்கெல்லாம் சரியாக இருக்கிறது. அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டில் வருபவர், பட்ஜெட் போடுபவர். நம் நியமன ஆளுநரைவிட நம் முதல்வரையே அதிகம் ஒத்தவர் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். போகட்டும். எனக்குப் பெரிய குறை, கட்டுரையில் 1985ஆம் ஆண்டே இல்லாததுதான்.

லீலண்ட் என்ற சிற்றூரில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்த பிரான்ஸ்டட், 1983இல் 36 வயதில் பதவி ஏற்றபோது அயோவாவின் விவசாயம் சரிந்துகொண்டிருந்தது. எழுபதுகளில் நிலவிலை ஏற ஏற, வங்கிகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுத்தன. பிறகு பணவீக்கத்தை அடக்குவதற்காக வட்டியை உயர்த்தினார்கள். 1980இல் சோவியத் நாட்டுக்குத் தானியம் விற்கவும் தடை வந்தது. அயோவாவில் 1981இல் சராசரியாக ஏக்கர் 2,147 டாலர் போன நிலம், 1986இல் 787 டாலருக்கு வந்துவிட்டது. கடன் மட்டும் அப்படியே நின்றது. 1985 டிசம்பரில் ஹில்ஸ் என்ற ஊர் வட்டாரத்தில் கடனில் மூழ்கிய விவசாயி ஒருவர் தன் மனைவி, வங்கித் தலைவர், பக்கத்துப் பண்ணைக்காரர் என மூவரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டார்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் பிரான்ஸ்டட் பொருளாதார நெருக்கடி நிலையை அறிவித்து, பண்ணை நிலங்கள் ஜப்திக்குப் போவதை ஓராண்டு தள்ளிவைக்க வழி செய்திருந்தார். அரசு எதிலும் தலையிடக் கூடாது என்று பேசுகிற குடியரசுக் கட்சிக்காரர் செய்த காரியம் இது. கடன் தீர்ந்துவிடவில்லை, மூச்சு விட அவகாசம் கிடைத்தது, அவ்வளவே. முன்பு தன் கையெழுத்தை மறுத்த லாட்டரிச் சட்டத்துக்கும் அதே ஆண்டில்தான் ஒப்புதல் கொடுத்தார். கஜானா காலியானால் கொள்கை வளையும் என்பதை நாமும் பார்த்தவர்கள்தானே!

அதே 1985இல், கால்நடைத் தீவனம் பற்றித் தெரிந்துகொள்ள சீனாவின் ஹெபெய் மாகாணத்திலிருந்து ஒரு சிறு குழு வந்தது. அதன் தலைவர் 31 வயது உள்ளூர்க் கட்சிச் செயலாளர். மஸ்கட்டீன் ஊரில் ஒரு வீட்டில், கல்லூரிக்குப் போயிருந்த மகனின் அறையில் தங்கினார். பிரான்ஸ்டட் அவரை நேரில் வரவேற்றார். அவர்தான் ஷி ஜின்பிங். 2012இல் துணை அதிபராகத் திரும்பி வந்தபோது பழைய நண்பர்களைத் தேடிப் பார்த்தார். 2017இல் டிரம்ப் பிரான்ஸ்டட்டை பெய்ஜிங்குக்குத் தூதராக அனுப்பியதற்கு இந்தப் பழக்கமே முக்கியக் காரணம்.

ஆனால் அடுத்த ஆண்டே வர்த்தகச் சண்டை மூண்டது. 2018 ஜூலையில் அமெரிக்க சோயாவுக்குச் சீனா 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. சோயாவை நம்பி வாழும் அயோவாவின் பழைய ஆளுநர் பெய்ஜிங்கில் தூதராக உட்கார்ந்திருந்தார். 33 ஆண்டு நட்பால் அந்த வரியைத் தடுக்க முடியவில்லை.

கட்டுரை அவரை எல்லோருக்கும் நல்லவராகக் காட்டுவதும் எனக்கு ஒப்பவில்லை. தண்டனை முடித்தவர்களுக்குத் தானாகவே ஓட்டுரிமை திரும்பக் கிடைத்துவந்த ஏற்பாட்டை, 2011இல் மீண்டும் பதவிக்கு வந்த கையோடு ரத்து செய்தவர் அவர். 2017இல் கிளம்புவதற்கு முன் அரசு ஊழியர் சங்கங்களின் பேரம் பேசும் உரிமையைப் பெருமளவு பறித்த சட்டத்திலும் கையெழுத்திட்டார்.

கடைசியாக, நம் வாசகர்களுக்குப் பிடித்திருக்கக்கூடிய ஒரு தகவலும் விடுபட்டிருக்கிறது. 2023இல் அவர் தலைமைப் பொறுப்பேற்றது உலக உணவுப் பரிசு அறக்கட்டளையில். பசுமைப் புரட்சியின் தந்தை எனப்படும், அயோவாவில் பிறந்த நார்மன் போர்லாக் தொடங்கிய அந்தப் பரிசை 1987இல் முதன்முதலாகப் பெற்றவர் நம் கும்பகோணத்து எம்.எஸ். சுவாமிநாதன்.

இப்படிக்கு,
கு. இராமலிங்கம்,
திருவாரூர்.