தேய்ந்தது டை ராடு எண்டு, மாற்றியது ஸ்டியரிங் ரேக்: பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: நாகர்கோவில் கிளையில் என் மாருதி 800 காருக்குத் தேவையில்லாமல் ஸ்டியரிங் ரேக் மாற்றியதும், தேய்ந்த பாகத்தையே திரும்ப மாட்டிக் கொடுத்ததும் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நாகர்கோவில் கிளை என் காரின் ஸ்டியரிங் ரேக்கை (ஸ்டியரிங்கைச் சுற்றுவதை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பெரிய பாகம்) மாற்றிவிட்டுப் பெரிய தொகை வாங்கியது. எந்தக் கோளாறுக்காக வண்டியை விட்டேனோ அது அப்படியே இருந்தது. அதைவிட மோசம், ரோட்டில் இறக்கவே கூடாத நிலையில் வண்டியைத் தந்து சாவியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். கிளை மேலாளரிடம் நேரில் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். பதில் இல்லை. அதனால்தான் தலைமை அலுவலகத்துக்கு எழுதுகிறேன்.

வண்டி 2007 மாடல். பவர் ஸ்டியரிங் கிடையாது. பதினைந்து வருடம் முடிந்ததும் 2022-இல் ஆர்.டி.ஓ. ஆய்வுக்குக் காட்டி, ஆர்.சி.யை அடுத்த ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். கருங்கலில் இருந்து அம்மாவை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது இந்த வண்டியில்தான். பழைய வண்டி என்பதால் எனக்கு இது வேண்டாத வண்டி ஆகிவிடாது.

கோளாறை உங்கள் ஆட்களிடம் தெளிவாகவே சொன்னேன். முன்சக்கரம் குழியில் இறங்கினால் வலது பக்கம் 'டொக்' என்று சத்தம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் கொஞ்ச தூரம் சும்மா சுற்றும், அப்புறம்தான் சக்கரம் அசையும். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் சாயும். வலது முன் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது. அதைக் கையால் தடவினால் ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் ரம்பப் பல் போலக் குத்தும். வேலை எழுதிக்கொண்டவர், "ஆரல்வாய்மொழிப் பக்கம் போனீங்களா? அங்க அடிக்கிற காத்துக்குச் சின்ன வண்டி ஆடத்தான் செய்யும்" என்றார். அங்கே காற்று அடிப்பது உண்மைதான். ஆனால் கருங்கல் சந்தை ரோட்டில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வரும் சத்தத்துக்கும் அந்தக் காற்றுக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களை நேராக நிறுத்தும் வேலை) செய்து காசு வாங்கினார்கள். ஜாயிண்ட் தேய்ந்திருக்கும்போது அலைன்மென்ட் செய்து பயனில்லை. முன்சக்கரங்கள் இரண்டும் நேராக நிற்பது, ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடு என்ற கம்பியின் நீளத்தை வைத்துத்தான். அதன் முனையில் இருக்கும் ஜாயிண்ட்தான் டை ராடு எண்டு; அதிலுள்ள குண்டு தன் குழிக்குள் ஆடினால், மெஷினில் நிறுத்திப் பார்த்த அளவு வண்டி நகர்ந்ததுமே மாறிவிடும். இது உங்கள் கிளைக்குத் தெரியாத விஷயமா?

சத்தம் போகவில்லை என்று திரும்ப வந்தபோது, "ரேக் போயிடுச்சு சார். இந்த மாடலுக்குச் சின்னப் பார்ட்ஸ் தனியா வராது, முழு செட்டாத்தான் மாத்தணும்" என்றார்கள். இது உண்மை இல்லை. மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றது, ஆனால் அதன் டை ராடு எண்டு இன்றும் நாகர்கோவிலில் தனியாகக் கிடைக்கிறது. சில நூறு ரூபாய் பொருள். ரேக் பல ஆயிரம்.

ரேக் மாற்றிய பிறகும் அதே 'டொக்', அதே ஆட்டம். அப்புறம் திங்கள்சந்தைப் பக்கம் பழைய வண்டிகள் பார்க்கும் ஒரு மேஸ்திரியிடம் காட்டினேன். அவர் செய்ததை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் கிளையில் இதில் எதையுமே யாரும் செய்யவில்லை. வண்டியைத் தரையிலேயே நிறுத்தி, என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டச் சொன்னார். அவர் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயிண்டாகக் கையால் பிடித்துப் பார்த்தார். நல்ல ஜாயிண்ட் என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்தே அசையும். தேய்ந்தது என்றால் ஒரு பக்கம் அசைந்த பிறகுதான் மறுபக்கம் அசையும், அது விரலுக்கே தெரியும். பிறகு முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தை இடம் வலமாகப் பிடித்து ஆட்டினார். டை ராடு, ரேக் பக்கம் ஆட்டம் இருந்தால் அதில் தெரிந்துவிடும். அடுத்து மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். அப்போது வரும் ஆட்டம் வீல் பேரிங்கிலும் இருக்கலாம், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயிண்டிலும் இருக்கலாம். என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார்; பேரிங் ஆட்டம் என்றால் அப்போது நின்றுவிடும். மிதித்தும் ஆட்டம் நிற்கவில்லை, அதனால் பேரிங் இல்லை, பால் ஜாயிண்ட் என்று முடிவானது. இவ்வளவுக்கும் தேவைப்பட்டது ஒரு ஜாக்கியும் இரண்டு ஆட்களும்தான்.

கடைசியில் தெரிந்தது: வலது டை ராடு எண்டு முழுக்கப் போயிருந்தது, வலது பால் ஜாயிண்டும் தேய்ந்திருந்தது. டை ராடு எண்டின் ரப்பர் கவர் கிழிந்து, கிரீஸ் போய், உள்ளே துரு. நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று வேறு. இங்கே ஸ்டியரிங் வேலை பார்ப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியதே அந்த ரப்பர் கவரைத்தான். உங்கள் ஆட்களோ அந்தக் கிழிந்த எண்டைப் பழைய ரேக்கில் இருந்து கழற்றி, கையில் வைத்துப் பார்த்து, புது ரேக்கில் திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

இதைவிட என்னைக் கலங்கவைத்தது இன்னொன்று. அந்த எண்டின் நட்டில் ஸ்ப்ளிட் பின்னே இல்லை. நட்டு தானாகக் கழன்றுவிடாமல் தடுப்பது அந்தச் சின்னப் பின்தான். நட்டு கழன்று ஜாயிண்ட் விட்டுப்போனால் அந்தச் சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. அந்த நிலையில்தான் அம்மாவை ஏற்றிக்கொண்டு, வில்லுக்குறி, சுங்கான்கடை வழியாக லாரிகளுக்கு நடுவே தேசிய நெடுஞ்சாலையில் போய்வந்திருக்கிறேன்.

மேஸ்திரி டை ராடு எண்டையும் பால் ஜாயிண்டையும் மாற்றி, புதுப் பின் போட்டு, அதன் பிறகே அலைன்மென்ட்டுக்கு அனுப்பினார். சத்தமும் ஆட்டமும் ஒருபக்கச் சாய்வும் அத்தோடு போய்விட்டன. புது ரேக் போட்டும் போகாத கோளாறு இந்த இரண்டு பாகத்தில் போனதென்றால், ரேக்கை மாற்றியது எதற்கு? பழைய ரேக்கையாவது பார்க்கலாம் என்று கேட்டால், "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு" என்றார்கள். என் வண்டியில் கழற்றிய பொருளை என்னைக் கேட்காமல் எப்படி ஸ்கிராப்பில் போடலாம்?

நான் கேட்பது இதுதான். ரேக்கின் விலை, அதை மாட்டிய கூலி, முதலில் செய்த அலைன்மென்ட் கட்டணம் ஆகியவற்றைத் திருப்பித் தர வேண்டும். வெளியில் நான் செய்த செலவையும் தர வேண்டும். ரேக் கெட்டுப்போனது என்று எந்தச் சோதனையை வைத்து முடிவு செய்தார்கள், யார் செய்தார்கள் என்று எழுத்தில் பதில் வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருட அவகாசமும் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகாரைப் பதிவு செய்வேன். இரண்டு இடத்துப் பில்களின் நகல், கிழிந்த எண்டின் போட்டோ, பின் இல்லாத நட்டின் போட்டோ எல்லாம் இணைத்திருக்கிறேன். கழற்றிய எண்டும் பால் ஜாயிண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. யாராவது வந்து பார்க்கலாம்.

பணத்தைப் பற்றி முடிவு செய்ய உங்களுக்கு நாள் ஆகலாம். ஆனால் ஒரு வேலையை இன்றே செய்யுங்கள். அந்தக் கிளையில் சமீபத்தில் ஸ்டியரிங் வேலை பார்த்த எல்லா வண்டிக்காரர்களையும் போனில் கூப்பிட்டு, வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, ஸ்ப்ளிட் பின் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.
(பெயர், முகவரி, வண்டி எண்: இணைத்துள்ள பில்லில் உள்ளபடி)