கேம் விளையாடும் வீட்டுக்கு எந்த இணையச் சேவை? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கினால் கடைக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "பையன் கேம் விளையாடும்போது லாக் ஆகுதாம், நின்னு நின்னு போகுதாம். 500 ஸ்பீடுக்கு மாத்திடலாமா? இல்லை, கம்பெனியையே மாத்தணுமா?" கடையில் ஆள் இருக்கும் நேரத்தில் நின்று விளக்க முடிவதில்லை. அதனால் சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இருக்கும் உங்களுக்காக இதை விரிவாகவே எழுதுகிறோம். மாதா மாதம் கட்டும் பில், அதோடு பெரும்பாலும் 24 மாத ஒப்பந்தம் என்பது நம் குடும்பங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு முறை படித்துவிடுங்கள்.

விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது எம்பிபிஎஸ் (Mbps). ஒரு நொடியில் எவ்வளவு தரவு வந்து சேரும் என்ற கணக்கு அது. படம் பார்க்கவும் புதுக் கேமை இறக்கவும் அது உதவும். 50 ஜிபி கேம் ஒன்றை 100 எம்பிபிஎஸ் லைனில் இறக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். 500-ல் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் இறக்கி முடித்து ஆட உட்கார்ந்த பிறகு, மொபைல் லெஜெண்ட்ஸோ வாலரண்ட்டோ டோட்டாவோ, பெரும்பாலான கேம்கள் 1 எம்பிபிஎஸ் கூட முழுதாகச் சாப்பிடுவதில்லை. ஆக, 100-ல் லாக் ஆகும் வீடு 500-க்குப் போனதால் மட்டும் சரியாகிவிடாது.

ஆடுபவருக்கு வேண்டியது வேறு. விரல் பட்டதும் அந்தச் செய்தி சர்வருக்குப் போய்ப் பதில் திரும்பி வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது? பிள்ளைகள் பிங் என்று சொல்வது அதைத்தான். அந்த நேரம் சீராக இருக்கிறதா, இல்லை 15, 16, 15 என்று போய்த் திடீரென 120-க்கு ஏறுகிறதா? அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெயர் ஜிட்டர். தரவு சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் போகும், அதற்குப் பெயர் பாக்கெட்; வழியிலேயே சில பாக்கெட்டுகள் காணாமல் போனால் அது பாக்கெட் லாஸ். எங்களைக் கேட்டால், எப்போதும் 40-லேயே நிற்கும் லைன், 12-க்கும் 150-க்கும் இடையே குதிக்கும் லைனைவிட எவ்வளவோ மேல். 40-க்குக் கை பழகிவிடும். குதிப்பதற்குப் பழகவே முடியாது. வாலரண்ட் சர்வர் ஒரு நொடிக்கு 128 முறை ஆட்டத்தின் நிலையைக் கணக்கிடுகிறது, அதாவது ஏறக்குறைய 8 மில்லி விநாடிக்கு ஒரு முறை. இப்படிப்பட்ட ஆட்டத்தில் 100 மில்லி விநாடி தடுமாறினால் எதிரி சுவருக்குப் பின்னால் மறைந்தே போயிருப்பான்.

"நெட்ஃபிளிக்ஸ் நல்லாத்தானே ஓடுது, அப்போ லைன் சரிதானே?" என்று அப்பாமார்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். படம் ஓடும்போது அடுத்து வரும் பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது, அதனால் நடுவில் லைன் தடுமாறினாலும் நமக்குத் தெரியாது. ஆட்டத்தில் அடுத்த நொடி இன்னும் நடக்கவே இல்லை, எதை இறக்கி வைப்பது? பையன் பொய் சொல்லவில்லை. அதே லைனில் படம் நன்றாக ஓடும், கேம் மட்டும் சிக்கும்.

அடுத்து, தூரம். ஃபைபர் எனும் கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான், போய் வர 4 மில்லி விநாடிக்குள் அடங்கிவிடும். கேபிள் சுற்றிப் போவதும் நடுவில் இருக்கும் கருவிகளும் கொஞ்சம் சேர்க்கும். அதனால் சிங்கப்பூர் சர்வருக்கு 10 முதல் 20 வரை பிங் வந்தால் நல்ல ஃபைபர் லைன் என்று அர்த்தம். தோக்கியோ 5,300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எவ்வளவு பணம் கொட்டினாலும் அங்கே போய் வர 50-க்குக் கீழே இறங்காது. பையன் கேமுக்குள் ஜப்பான் சர்வரைத் தேர்ந்தெடுத்துவிட்டு லைனைக் குறை சொன்னால், முதலில் அந்த செட்டிங்கைப் பாருங்கள். வாலரண்ட், டோட்டா இரண்டுக்கும் சிங்கப்பூரிலேயே சர்வர் இருக்கிறது.

சரி, கம்பெனியை மாற்றுவதற்கு முன் வீட்டுக்குள் ஒரு சோதனை செய்து பாருங்கள். காசு செலவில்லை. ஆட்டம் சூடாக இருக்கும் இரவு 8 மணிக்கு மேல் செய்யுங்கள். விண்டோஸ் கணினியில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, ping -t என்று அடித்து, இடைவெளி விட்டு உங்கள் ரவுட்டரின் முகவரியைச் சேர்த்து விடாமல் பிங் ஓடவிடுங்கள். பல வீடுகளில் அது 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும். இன்னொரு ஜன்னலில் வெளியே இருக்கும் கூகிள் சர்வரின் 8.8.8.8 முகவரிக்கு ஓடவிடுங்கள். கைப்பேசியில் மட்டும் ஆடுபவர்களுக்கு இதற்கென்றே இலவசச் செயலிகள் இருக்கின்றன. ரவுட்டருக்குப் போகும் எண்களே 2, 3, 80, 2, 140 என்று குதித்தால் பிரச்சினை வீட்டுக்குள், வைஃபையில். எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் அது உங்களோடுதான் வரும். ரவுட்டருக்கு 1, 2 என்று அசையாமல் நின்று, வெளியே போகும் எண் மட்டும் குதித்தால் அப்போது லைனைச் சந்தேகப்படலாம்.

லாக் என்று கடைக்கு வரும் வீடுகளில் பெரும்பாலும் முதல் வகைதான். தாமான் வீடுகளில் ஃபைபர் முன் ஹாலுக்கு வருகிறது, ரவுட்டர் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறது. பையனின் அறை பின்னால், நடுவில் மூன்று செங்கல் சுவர். அவனுடைய கைப்பேசி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாவற்றோடும் இடித்துக்கொண்டிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் கூட்டம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்ட அதற்குப் பலம் போதாது. கணினியிலோ பிளேஸ்டேஷனிலோ ஆடினால் ஒரே மருந்து லேன் கேபிள். கேட்5இ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் கொண்டுபோகும், அதற்கு மேல் விலையுள்ளது இந்த வேலைக்குத் தேவையில்லை. கைப்பேசியில் ஆடுபவர் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே 5 கிகாஹெர்ட்ஸில் சேர்ந்து ஆடிப் பார்க்கட்டும். அது முடியாதென்றால் பின்னறைக்குக் கேபிள் இழுத்து அங்கேயே வைஃபை கொடுக்கும் ஓர் அக்செஸ் பாயின்ட் கருவியை வைக்கலாம். எட்டு ஆன்டெனாவும் சிவப்பு விளக்குமாக இருக்கும் கேமிங் ரவுட்டர் எங்கள் கடையிலும் இருக்கிறது. விற்றால் எங்களுக்கு லாபம்தான். ஆனாலும் கேபிள் போட முடிந்த வீட்டுக்கு அதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வோம்.

இன்னொரு காரணம் பலர் கண்ணுக்குப் படுவதே இல்லை: அப்லோட். பல பேக்கேஜ்களில் அனுப்பும் வேகம் இறக்கும் வேகத்தைவிடக் குறைவு. அம்மாவின் கைப்பேசி கல்யாண வீட்டு வீடியோக்களை ஒவ்வொன்றாக பேக்கப் எடுக்கிறது, அக்கா டிக்டாக்கில் லைவ் போகிறாள், வாசல் கேமரா விடாமல் பதிவை அனுப்புகிறது. செம்பனை மில் வாசலில் குலை ஏற்றிய லோரிகள் எடை போட வரிசையில் நிற்க, அவசரமாக ஒரு கடிதம் கொண்டுவந்த மோட்டார்சைக்கிள்காரரும் அதே வரிசையில் கடைசியில் நிற்பதுபோல, கேமின் சின்னப் பாக்கெட் இந்தப் பெரிய சுமைகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். சோதித்துப் பார்ப்பது எளிது. பிங் ஓடும்போதே பெரிய வீடியோ ஒன்றை கூகிள் டிரைவுக்கு ஏற்றுங்கள். 15-ஆக இருந்தது 200-க்கு ஏறினால் இதுதான் நோய். ரவுட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் கியூஓஎஸ் (QoS) அல்லது எஸ்கியூஎம் (SQM) என்ற வசதி இருந்தால் அதைத் திறந்து, அப்லோட் வரம்பை உங்கள் உண்மையான வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டுக்கு வைத்துவிடுங்கள். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் வரிசையே இல்லாமல் போகும். அந்த வசதி இல்லாத ரவுட்டர் என்றால், ரவுட்டரை மாற்றுவதற்கு அது ஒரு நல்ல காரணம்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் லைன்தான் குறை என்று தெரிந்தால் கம்பெனிக்கு வருவோம். உங்கள் வீதிக்கு ஃபைபர் வந்திருந்தால் ஃபைபர்தான், இரண்டாவது யோசனையே வேண்டாம். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: கடைத்தெருவில் பல கம்பெனிகள் தட்டி வைத்திருந்தாலும் எல்லோரும் தனித்தனியாக நம் தூண்களில் கேபிள் இழுக்கவில்லை. மேக்சிஸும் செல்கோம்டிஜியும் நாட்டின் பல இடங்களில் டிஎம் (டெலிகாம் மலேசியா) போட்ட ஃபைபரை வாடகைக்கு எடுத்துத்தான் வீட்டுக்குத் தருகிறார்கள். மின்சார நிறுவனமான தெனாகாவின் துணை நிறுவனம் அலோவும் இப்படி மொத்தமாகக் கொடுக்கும் வலையைக் கட்டியிருக்கிறது. டைம் தனக்கென்று வலை வைத்திருந்தாலும் அதன் பலம் நகரத்து அடுக்குமாடிகளில்தான். அதனால் உங்கள் வீதியில் கேபிளே கோளாறு என்றால், பில்லில் இருக்கும் பெயர் மாறினாலும் கோளாறு மாறாது. மாறக்கூடியது அதற்கு அப்பால் இருக்கும் பாதை: சிங்கப்பூருக்கு எந்த வழியாக அனுப்புகிறார்கள், இரவில் அந்த வழியில் எவ்வளவு நெரிசல் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும்.

அதை அறிய விளம்பரம் உதவாது, உங்கள் வரிசையில் இருப்பவர்கள்தான் உதவுவார்கள். இரண்டு வீடு தள்ளி இருக்கும் பையன் எந்தச் சேவையில் ஆடுகிறான், வெள்ளி, சனி இரவு 9 மணிக்கு அவனுக்கு என்ன பிங் என்று கேளுங்கள். கேமுக்குள்ளேயே எண் தெரியும், படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காலை 10 மணிக்கு எடுத்த ஸ்பீட் டெஸ்டை யார் காட்டினாலும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

தோட்டத்து வீடுகளுக்கு ஃபைபர் எட்டாத இடங்கள் இன்னும் உண்டு. வீடு தோட்ட நிர்வாகத்துடையது என்றால் கேபிள் இழுக்க அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஒரு வீடு தனியாகக் கேட்பதைவிட லயத்தில் பத்து வீடு சேர்ந்து எழுதிக் கொடுத்தால் நிர்வாகமும் பார்க்கும், கம்பெனியும் பார்க்கும். அதுவரை 4ஜி, 5ஜி ரவுட்டர்தான் வழி. கோபுரத்தை ஊரே பங்கு போடுவதால் பகலில் 30-ஆக இருக்கும் பிங் இரவில் நூறைத் தாண்டலாம். சிம் வாங்குவதற்கு முன் அந்தக் கம்பெனி சிம் போட்ட நண்பரின் கைப்பேசியை இரவில் உங்கள் வீட்டில் ஹாட்ஸ்பாட் வைத்து ஆடிப் பாருங்கள். ரவுட்டரை ஜன்னலோரம், கோபுரம் இருக்கும் பக்கம் உயரமாக வையுங்கள். இப்படிப்பட்ட சேவைகளில் பல வீடுகள் ஒரே பொது இணைய (ஐபி) முகவரியைப் பகிர்வது வழக்கம், அதனால் பிளேஸ்டேஷனில் நண்பர்களைச் சேர்ப்பதும் குரல் பேச்சும் சில சமயம் இணையாது. வாங்கும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்.

துணைக்கோளம் வழி வரும் இணையத்தில் இரண்டு வகை உண்டு. பழைய வகை பூமிக்கு மேல் 35,786 கிலோமீட்டரில் நிற்கிறது. செய்தி மேலே போய்க் கீழே இறங்கி, பதிலும் அதே வழியில் திரும்ப ஒளி வேகத்திலேயே ஏறக்குறைய அரை விநாடி ஆகிவிடும், பள்ளிப் பாடத்துக்குச் சரி, கேமுக்கு ஆகாது. 2023-ல் மலேசியாவுக்கு வந்த ஸ்டார்லிங்க் சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் அதில் ஆட முடியும். ஆனால் தட்டுக்குத் திறந்த வானம் வேண்டும். வளர்ந்த செம்பனைகள் சூழ்ந்த வீட்டில் துணைக்கோளம் மட்டைக்குப் பின்னால் மறையும் ஒவ்வொரு முறையும் ஆட்டம் அறுந்துவிடும். கம்பத்தை உயர்த்தி நட இடம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: எத்தனை மாதம், பாதியில் நிறுத்தினால் எவ்வளவு அபராதம், வீடு மாறினால் லைன் கூட வருமா, அப்லோட் எவ்வளவு. "உங்கள் பகுதியில் இருக்கிறது" என்று விற்பனையாளர் சொல்வது போதாது. உங்கள் வீட்டு எண்ணுக்கு போர்ட் (வீதிப் பெட்டியில் உங்கள் கேபிளைச் செருகும் இடம்) காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். போர்ட் நிரம்பியதால் காத்துக் கிடக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. புது லைன் ஓடி ஒரு வாரம் பார்க்கும்வரை பழையதை வெட்டாதீர்கள். கோளாறு வந்தால் புகார் எண் வாங்கி, தேதி போட்டு, பிங் படங்களைச் சேர்த்து வையுங்கள். கம்பெனி கவனிக்காவிட்டால் எம்சிஎம்சி எனப்படும் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம். அப்போது இந்தக் காகிதங்கள்தான் பேசும்.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடியைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபைபர் கண்ணாடி என்பதால் மின்னல் அதன் வழியாக வராது, மின்சார வயர் வழியாக வரும். மழை கறுக்கும்போது ரவுட்டரின் அடாப்டரையும் மோடத்தின் அடாப்டரையும் கழற்றிவிடுங்கள்.

விளையாட்டுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று சில பெற்றோர் நினைக்கலாம். 2019 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியிலிருந்து மின்விளையாட்டுக்குப் பதக்கம் உண்டு. நம் மாநிலத்தின் பெயரில் ஆடும் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் 2024-ல் ரியாத்தில் மொபைல் லெஜெண்ட்ஸ் எம்எஸ்சி கோப்பையை வென்றது. எல்லாப் பிள்ளைகளும் அங்கே போகப் போவதில்லை. ஆனால் தோட்டத்திலிருந்து ஆடும் பிள்ளை திறமையில் தோற்கலாம், லைனால் தோற்கக் கூடாது என்று நாங்கள் மனதார நினைக்கிறோம்.

சோதனை செய்த இரண்டு எண்களையும் படம் எடுத்து, இப்போதைய பில்லோடு கடைக்குக் கொண்டு வாருங்கள். பார்த்துச் சொல்வதற்குக் காசு இல்லை. பின்னறைக்கு எத்தனை மீட்டர் கேபிள் வேண்டும் என்று அளந்து வந்தால் அன்றே கேபிளை வெட்டி இரு முனையிலும் கனெக்டர் பொருத்திக் கொடுத்துவிடுவோம். தோட்டங்களில் இருப்பவர்கள் சம்பள வாரத்தில் மொத்தமாக வருவதால் ஞாயிறு காலையில் கூட்டம் இருக்கும். வார நாளில் மாலை 5 மணிக்கு மேல் வந்தால் உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
உங்கள் கணினிக் கடை,
பெஸ்தாரி ஜெயா