வேளாண் பொருளியல் ஆய்வுகள் விவசாயியிடம் திரும்பி வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் சேர்க்கைக் காலத்தில் வேளாண் பொருளியலைப் பற்றிப் பேசுவோர், அதை வங்கிகளில் வேளாண் அலுவலர் பணிக்கு வழிகாட்டும் படிப்பாக மட்டுமே எடுத்துரைக்கின்றனர். வேலை கிடைப்பது நல்லதுதான். ஆனால் மஞ்சள் பயிரிடும் எங்களைப் போன்றோருக்கு அத்துறையின் பயன் வேறிடத்தில் இருக்கிறது.

கோவை வேளாண் பல்கலைக்கழக முதுநிலை மாணவர்கள் வினாப்படிவத்துடன் எங்கள் ஊர்களுக்கு வருவதுண்டு. விதைமஞ்சள், வெட்டுக்கூலி, வேகவைக்கும் செலவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும் அவர்கள், நாங்கள் கணக்கிலேயே சேர்க்காத குடும்பத்தாரின் உழைப்பு, சொந்த நிலத்துக்கான குத்தகை மதிப்பு, போட்ட முதலுக்கான வட்டி ஆகியவற்றுக்கும் விலை வைக்கின்றனர். குறைந்தபட்ச ஆதரவு விலை விவாதத்தில் அடிபடும் 'சி2' செலவு என்பது இதுதான். மத்திய அரசு ஒன்றரை மடங்கு தருவதாகச் சொல்வதோ, சொந்த நிலத்தின் வாடகையும் சொந்த முதலின் வட்டியும் சேராமல், கைச்செலவும் குடும்ப உழைப்பும் மட்டும் அடங்கிய 'ஏ2+எஃப்எல்' செலவுக்கு. மஞ்சளுக்கு ஆதரவு விலையே இல்லை என்பதால், இந்தக் கணக்கு எங்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

கிணற்றுக் கணக்கும் அப்படியே. பாறைப் பாங்கான கொங்கு மண்ணில் ஆயிரம் அடிக்கும் கீழே துளையிட்டும் தண்ணீர் கிடைக்காமல் போகும் செலவை எந்தப் பயிரின் தலையில் எழுதுவது? மின்சாரம் இலவசம் என்பதால் நீரும் இலவசம் என்று எண்ணுகிறோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆழப்படுத்தினால் நம் கிணறு வற்றுவதைப் 'புறவிளைவு' என்று பெயரிட்டு, அதற்கும் மதிப்பிடக் கற்றுத்தருகிறது இத்துறை. விலை ஏறிய ஆண்டைப் பார்த்து எல்லோரும் வைகாசியில் மஞ்சள் நடுவதும், மறு தை, மாசியில் வரத்துக் குவிந்து விலை சரிவதும் அவர்களின் பாடநூலில் 'சிலந்தி வலைக் கோட்பாடு' என்ற தலைப்பில் இருக்கிறது. எங்கள் ஊர்த் திண்ணையில் அதற்குத் தலையெழுத்து என்று பெயர்.

பல்கலைக்கழகம் விலை முன்னறிவிப்புகளை வெளியிட்டு வருவது பாராட்டுக்குரியது. ஆயினும், எங்கள் தோட்டத்துக் கணக்கைக் கொண்டு எழுதப்படும் ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நூலகத்தில் தங்கிவிடுகின்றன. தகவல் கொடுத்தவருக்கு முடிவு தெரிவதில்லை.

ஆகவே, களஆய்வு செய்யும் ஒவ்வொரு மாணவரும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் தந்த பின்னரே ஆய்வேட்டை ஏற்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் விதி செய்யலாம். அச்சுருக்கங்களை ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில், விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளும் ஏலத்துக்கு வரும் நாட்களில் எங்கள் கையில் கிடைக்குமாறு செய்தால் போதும். முடிந்தால், ஆய்வு செய்த மாணவரே அங்கு வந்து ஒரு மணி நேரம் எங்கள் கேள்விகளுக்கு விடை சொல்லட்டும். ஏலம் முடிந்து பணத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் கேட்பதற்கு ஆள் இருக்கும்.

இப்படிக்கு,
மஞ்சள் விவசாயி ஒருவர்,
கொடுமுடி வட்டம், ஈரோடு மாவட்டம்.